உனக்கு அது இல்லை

ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் திறக்க இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நம் ஆய்வகத்தில் ஒரு விதி இருக்கிறது. போன வாரம் பழைய தோழிகளைப் பார்க்க வந்தபோது, காப்பி அறையில் நீங்கள் இரண்டு மூன்று பேர் அந்த விதியைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். "யாரு லா இந்த ரூல் போட்டது" என்று ஒரு தம்பி கேட்டார். விதியைப் போட்டவர் யார் என்பது இருக்கட்டும். அதைப் போட வைத்தவள் நான்தான். உங்கள் பின்னால் நின்று மைலோ கலக்கிக்கொண்டிருந்த கிழவி.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எந்திரங்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ரத்தம் எடுத்த குழாயை எத்தனை முறை புரட்ட வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது என் தவறை. அதில் வருகிற பெண்ணிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள். சுதா என்று வைத்துக்கொள்வோம்.

நான் இருபது வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவள். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு கெட்டுப்போனதால் ஆய்வுப் பிரிவுக்கு மாறினேன். வருகிறவர்களுக்கு ஆய்வைப் பற்றி விளக்குவது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது, ரத்தம் எடுப்பது, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டு எழுதுவது, இவைதான் வேலை. அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று தெரியாவிட்டால் தூக்கம் வராத ரகம் நான். சுவா சூ காங் அடுக்குமாடிக் குடியிருப்பில் என் மாடியில் இருக்கிற எட்டு வீட்டாரின் கதையும் எனக்கு அத்துப்படி. அந்தப் புத்திக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை கிடைத்ததே என்று சந்தோஷமாகத்தான் சேர்ந்தேன்.

எங்கள் ஆய்வு எம்.எஸ். என்கிற நோயைப் பற்றியது. வெளியிலிருந்து வரும் கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல் படை, ஆள் தெரியாமல் சொந்த மூளையின், தண்டுவடத்தின் நரம்புகள் மேலிருக்கும் உறையைத் தின்ன ஆரம்பித்துவிடும். ஒருவருக்குக் கால் மரத்துப்போகும், ஒருவருக்குக் கண் மங்கும், ஒருவருக்கு நடை தள்ளாடும். கொஞ்ச நாளில் தானே சரியாகும், பிறகு வேறெங்கோ வரும். குளிர் நாடுகளில் இது பரவலாக உண்டு. பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற நம் ஊரில் அபூர்வம்.

ஏன் இங்கே அபூர்வம்? ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு ஏன் வரவில்லை? உரித்து வைத்த மாதிரி ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களில்கூட ஒருவருக்கு வந்தால் மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லையே, அது எப்படி? இதையெல்லாம் எங்கள் டாக்டரிடம் கேட்டுக் கேட்டு அவரைப் பாடாய்ப் படுத்தினேன். ஆய்வுக்குத் தலைமை அவர்தான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், சீனப் பெண்மணி. என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். அவர் சொன்னதை நான் தமிழாக்கித் தருகிறேன்.

"ஒரு மரபணு இருக்கிறது. எது நம் ஆள், எது அந்நியன் என்று காவல் படைக்கு அடையாளம் காட்டும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு. அதில் ஒரு மாறுபாடு இருந்தால் நோய் வரும் வாய்ப்புக் கொஞ்சம் கூடும். ஆனால் அந்த மாறுபாடு உள்ளவர்களில் பெரும்பாலோர் கடைசி வரை நன்றாகத்தான் இருப்பார்கள். அது இல்லாதவர்களுக்கும் நோய் வருகிறது. அது தவிரச் சின்னச் சின்ன மாறுபாடுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. வெயில், சிறு வயதில் வந்த ஒரு வைரஸ் காய்ச்சல், சிகரெட் எல்லாம் சேர வேண்டும். இன்னும் நமக்குத் தெரியாதவை எத்தனையோ."

இதை அவர் சொல்லி நான் நூறு தடவை கேட்டிருப்பேன். நானே வருகிறவர்களுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். அப்படியும் நான் செய்ததைக் கேளுங்கள்.

ஒரு நாள் மார்சிலிங்கிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அம்மா, மகன் முரளி, மகள் சுதா. அப்பா இறந்துவிட்டார். முரளிக்குத்தான் எம்.எஸ். முதலில் ஒரு கண் மங்கி, பிறகு காலுக்கு வந்தது. அடுக்குமாடி வீடுகளில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை செய்தவர். வலது கால் பிடிவாதம் செய்ய ஆரம்பித்ததும் கம்பெனி அவரை அலுவலக நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. கையில் ஒரு ஊன்றுகோல்.

"ஊருல இருக்கிற எல்லா லிஃப்ட்டையும் நான் ஏத்தி விட்டேன் சிஸ்டர். இப்ப நான் பஸ்ஸுல ஏற ரெண்டு பேர் ஏத்திவிட வேண்டியிருக்கு" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

நோயாளியின் குழாய்க்குச் சிவப்பு ஸ்டிக்கர், நோய் இல்லாத உறவினரின் குழாய்க்குப் பச்சை ஸ்டிக்கர். சுதாவின் குழாயில் பச்சையை ஒட்டினேன். அவள் அதை வாங்கி, கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"இது கிளிப்பச்சை இல்லக்கா. மாம்பிஞ்சு."

அதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் பிளவுஸ் துணி, லைனிங், சேலை ஃபால்ஸ் விற்கும் மேட்சிங் கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். நாம் சேலையை விரித்தால் போதும். நூறு சுருள் துணியில் எது அதற்குப் பொருந்தும் என்று பார்த்து இழுத்துப் போடுகிறவள். நிறம் பார்க்கும்போதெல்லாம் இடது கண்ணை மூடிக்கொள்வது அவள் பழக்கம். ஒரு கண்ணால் பார்த்தால்தான் நிறம் ஏமாற்றாதாம். எனக்கு அவளை அன்றே பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு என் சேலைகளுக்கெல்லாம் அவள் கடைதான்.

மூன்று பேரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒரு வரி உண்டு: 'ஆய்வின் முடிவுகள் தனிநபர் எவருக்கும் தெரிவிக்கப்படமாட்டா.' ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியைத் தமிழில் எழுதியதே நான்தான். 'தெரிவிக்கப்படமாட்டாது' என்று யாரோ திருத்தியதை எதிர்த்து, 'மாட்டா' என்பதுதான் சரி என்று அரை நாள் சண்டை போட்டவள் நான். இலக்கணத்தில் அவ்வளவு கறார்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மதிய உணவு நேரத்தில் சுதா என் அறைக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு ஹெல்ப். ப்ளீஸ் லா."

"சொல்லும்மா."

"எனக்கு வரன் வந்திருக்கு. செங்காங்குல இருக்கிற மாப்பிள்ளை. ரெண்டு தடவை வெளிய போய்ப் பேசிட்டோம், எனக்குப் பிடிச்சிருக்கு, அவருக்கும் பிடிச்சிருக்கு. நிச்சயத்துக்கு டேட் எல்லாம் பாத்தாச்சு. அவரோட அத்தை, எங்க அண்ணன் ஸ்டிக் வச்சு நடக்கிறத பாத்துட்டாங்க. பரம்பரை வியாதியா, பொண்ணுக்கும் வருமான்னு கேட்டுட்டு, இப்ப நிச்சயத்த தள்ளி வச்சிட்டாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"நீங்க என் ப்ளட்ட டெஸ்ட் பண்ணீங்கல்ல? ரிசல்ட் இருக்கும்ல?"

"அதக் குடுக்க முடியாதும்மா. சைன் பண்ணும்போதே படிச்சுக் காட்டினேனே."

"சைன் பண்ணும்போது எனக்குக் கல்யாணம் பேசலையேக்கா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் டிஷ்யூ பெட்டியை நீட்டி, ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். அழுகிறவர்களைச் சமாளிக்க வார்டில் இருபது வருடம் பழகியிருக்கிறேன். அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பரவால்லக்கா, நீங்க வேலைய பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அப்போது எங்களிடம் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்றில் பெயரும் எண்ணும். அது என் அலமாரியில். இன்னொன்றில் எண்ணும் முடிவும். அது கணினியில். இரண்டையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆனால் அலமாரிச் சாவியும் என்னிடம், கணினியின் கடவுச்சொல்லும் என்னிடம். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு இரண்டையும் திறந்தேன். அவள் மேல் இரக்கம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இரக்கம் பாதி. மீதிப் பாதி என் பழைய வியாதி. எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது. அண்ணனுக்கு இருக்கிறதா, தங்கைக்கு இருக்கிறதா, அம்மாவுக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரல் துடித்தது. மூன்று எண்களும் அடுத்தடுத்து இருந்தன. முரளிக்கு அந்த மாறுபாடு இருந்தது. சுதாவுக்கு இல்லை.

மறுநாள் சுதாவைக் கூப்பிட்டு, நம் கட்டடத்தின் கீழே இருக்கிற பேருந்து நிறுத்தத்தில் வைத்துச் சொன்னேன்.

"உனக்கு அது இல்லை."

மூன்றே சொற்கள். டாக்டர் சொல்வாரே, வெயில், வைரஸ், சிகரெட், நூற்றுக்கணக்கான சின்ன மாறுபாடுகள், அதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் முகத்தில் வந்த வெளிச்சம் குறைந்துவிடும் என்று தோன்றியது. அவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கல்யாணம் நடந்தது. கோயில் மண்டபத்தில் முதல் பந்தியில் என்னை உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் அத்தையே பாயசம் ஊற்றிவிட்டு, "நீங்கதான டெஸ்ட் பண்ணி ஒண்ணுமில்லைன்னு சொன்ன சிஸ்டர்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லையே என்று தொண்டை வரை வந்தது. பாயசத்தோடு விழுங்கிவிட்டேன்.

கை கழுவும் இடத்தில் சுதாவின் அம்மா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், அந்த லிஸ்ட்டுல என்னோடதும் இருக்குமில்ல?"

"இருக்கும்மா."

"அப்ப முரளிக்கு யாருகிட்டேயிருந்து வந்துச்சு? என்கிட்டேயிருந்தா, அவுங்க அப்பாகிட்டேயிருந்தா?"

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. "அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா" என்றேன்.

"பொண்ணுக்கு இல்லைன்னு சொன்னீங்க. எனக்குச் சொல்ல மாட்டேங்குறீங்க. அப்ப என்கிட்ட இருக்குன்னுதானே?"

"அப்படி இல்லம்மா. யாருக்கும் சொல்லக்கூடாது."

"புரியுது சிஸ்டர்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் குடுத்திருக்கேன் எம் பிள்ளைக்கு." அடுத்த பந்திக்கு ஆள் உட்கார வைக்கப் போய்விட்டார்.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒருத்திக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு வேறு யாரிடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாலும், அந்த மௌனம் அவர்களுக்கு 'இருக்கிறது' என்றுதான் கேட்கும். நான் வாயைத் திறக்காமலே ஒரு தாய் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டாள். அந்த அம்மாவின் எண்ணுக்கு நேரே என்ன இருந்தது என்று உங்களுக்கும் நான் சொல்லப்போவதில்லை.

இரண்டு வருடம் போயிற்று. என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ஒரு குங்குமச் சிவப்புப் பட்டுச்சேலை எடுத்தேன். லைனிங் வாங்க சுதாவின் கடைக்குப் போனேன். அவள் வழக்கம்போல் கையை நீட்டி, இடது கண்ணை மூடி, சுருளை இழுத்து வெட்டிக் கொடுத்தாள். நான் அவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சன்னல் ஓரம் பிரித்துப் பார்த்தால் சேலை ஒரு சிவப்பு, லைனிங் ஒரு சிவப்பு. என் பேத்திகூடச் சிரிப்பாள்.

அடுத்த சனிக்கிழமை துணியைத் திருப்பிக் கொண்டுபோனேன்.

"என்னடி, கல்யாணம் ஆனதும் கண்ணு அவிஞ்சு போச்சா?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"நீங்க நாலாவது ஆளுக்கா, திருப்பிக் கொண்டு வர்றது. கடையில புது லைட்டு மாத்தியிருக்காங்க. அதான் கலர் சரியா தெரிய மாட்டேங்குது. முதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

கடையில் வேறு இரண்டு பெண்கள் இருந்தார்கள். அதே வெளிச்சத்தில்தான் அவர்களும் துணி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் திருப்பிக் கொண்டு வரவில்லை.

"சுதா, அந்தச் சிவப்பப் பாரு. இடது கண்ண மூடிக்கிட்டுப் பாரு. சரி, இப்ப வலது கண்ண மூடிக்கிட்டுப் பாரு. ரெண்டும் ஒரே சிவப்பா?"

அவள் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மூன்று தடவை பார்த்தாள்.

"இல்லக்கா. இடது கண்ணுல குங்குமம். வலது கண்ணுல பழைய செங்கல் மாதிரி இருக்கு. கொஞ்சம் பொகையாவும் இருக்கு."

"எத்தனை நாளா?"

"அஞ்சு வாரம் இருக்கும். முதல்ல கண்ண இப்படி அப்படித் திருப்புனா வலிச்சுது. அப்புறம் வலி போயிடுச்சு. கண்ணாடி பவர் ஏறியிருக்கும்னு விட்டுட்டேன்."

"முரளிக்கும் முதல்ல கண்ணுதானே மங்குச்சு? உனக்குத் தெரியுமே. ஏன்டி டாக்டர்கிட்ட போகல?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். கோபமே இல்லை. குழந்தை பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"எனக்குத்தான் அது இல்லையேக்கா. நீங்கதானே சொன்னீங்க."

அவளைக் கடையிலிருந்து அப்படியே இழுத்துக்கொண்டு டாக்சி பிடித்து மருத்துவமனைக்கு ஓடினேன். வழியெல்லாம் அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "ஒண்ணும் இருக்காதுக்கா, பவர்தான்" என்று. கண் நரம்பில் அழற்சி என்றார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் சில இடங்களில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. அதில் சில பழையவை. சில நாளில் மற்றச் சோதனைகளும் முடிந்து, அவளுக்கும் எம்.எஸ். என்று உறுதியாயிற்று.

மறுநாள் காலையில் டாக்டர் அறைக்குப் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேள்வி கேட்டார்.

"எத்தனை பேரிடம் சொன்னீர்கள்?"

"ஒருத்தியிடம். இல்லை, இரண்டு பேர். அவள் அம்மாவிடம் சொல்லாமலே சொல்லிவிட்டேன்."

"சுதாவுக்கு அந்த மாறுபாடு இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பீர்களா?"

பேருந்து நிறுத்தத்துக்கு அவளைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். நல்ல செய்தி கொண்டுபோகிற ஆளாக இருக்கத்தான் எனக்கு ஆசை.

"இல்லை என்று சொன்னால் அவள் என்ன புரிந்துகொள்வாள் என்று நினைத்தீர்கள்?"

"வரவே வராது என்று." அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. "அப்படித்தான் புரிந்துகொள்வாள் என்று தெரிந்துதான் சொன்னேன்."

அவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். கடைசியில் என் கேள்வியை நான் கேட்டேன். இரவெல்லாம் அதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து வாரம் முன்னாலேயே வந்திருந்தால் அவள் கண் முழுதாகத் திரும்பியிருக்குமா?

"கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் இல்லாமலும் போயிருக்கலாம். ஸ்டீராய்டு போட்டால் சீக்கிரம் தேறும், முடிவில் பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும். அடுத்த தாக்குதலைத் தடுக்கும் மருந்தை அந்த அளவு முன்னதாக ஆரம்பித்திருக்கலாம். அது எவ்வளவு உதவியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை."

"தெரியவில்லையா?"

"தெரியவில்லை."

ஆம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் பெருமூச்சு விட்டிருப்பேன். இரண்டும் இல்லாமல் என்னை உட்கார வைத்துவிட்டார். மாதா கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்குச் சாமியார் பரிகாரமாக 'அருள்நிறைந்த மரியே' செபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். டாக்டர் அப்படி ஒரு பரிகாரம்கூடச் சொல்லவில்லை. சுதாவுக்கும் நான் அந்தப் பேருந்து நிறுத்தத்தில் இதைத்தான் கொடுத்திருக்க வேண்டும். தெரியவில்லை என்கிற பதிலை.

நடந்ததை எழுதி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினோம். சாவியை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். நியாயம்தான். இரண்டு பேர், இரண்டு கையெழுத்து என்ற விதி அப்போதுதான் வந்தது. சுதாவின் அம்மாவிடம் டாக்டரே நேரில் போய்ப் பேசினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். யாருக்கு எது இருக்கிறது என்று சொல்லவில்லை. "இந்த ஊரில் நடமாடுகிற ஆரோக்கியமான ஆட்களில் எத்தனையோ பேரிடம் இப்படி ஏதாவது இருக்கும். யாரும் யாருக்கும் நோயைக் கொடுப்பதில்லை" என்றார். அந்த அம்மா தலையை ஆட்டினார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. என்னை அவர் அதற்குப் பிறகு சிஸ்டர் என்று கூப்பிட்டதாக நினைவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த அவமானத்துக்கு நடுவிலும் எனக்குள் இருந்த அந்தப் பழைய ஆசாமி சும்மா இருக்கவில்லை. மாறுபாடு இருந்த அண்ணனுக்கும் வந்தது, இல்லாத தங்கைக்கும் வந்தது. அப்படியென்றால் இவர்களிடம் பொதுவாக இருப்பது வேறு எது? ஒரே வீடு, ஒரே சமையல், சிறு வயதில் ஒன்றாக வந்த காய்ச்சலா? அல்லது இன்னும் யாரும் பெயர் வைக்காத வேறு மரபணுவா? டாக்டரிடம் கேட்டபோது முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "அதைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்றார். குடைந்து கேட்கிற புத்தியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இந்த வேலையில் ஒரு வருடம் தாங்கமாட்டீர்கள். எண்களைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் ஆசைப்படுங்கள். எண்ணுக்குப் பின்னால் இருக்கிற ஆளிடம் போகும்போது மட்டும் ஆசையை அறையிலேயே பூட்டிவிட்டுப் போங்கள்.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதீர்கள். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று 'தெரியாது' என்று சொல்லிப் பழகினேன். வெறும் தெரியாது என்றால் கைகழுவிவிடுகிற மாதிரி இருக்கும். என்ன தெரியும், என்ன தெரியாது, என்ன நடந்தால் உடனே வர வேண்டும் என்று மூன்றையும் சேர்த்து, கேட்கிறவர் கண்ணைப் பார்த்துச் சொல்லப் பழக வேண்டும். எனக்குப் பல வாரம் பிடித்தது.

சுதாவுக்கு மருந்து ஒத்துக்கொண்டது. கண்ணில் புகை பெருமளவு விலகிவிட்டது. வலது கண்ணில் சிவப்பு மட்டும் திரும்பி வரவில்லை. அவள் கணவன் நல்லவன். அத்தை என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாமல், மருத்துவமனைக்கு ஒவ்வொரு முறையும் கூடவே வருகிறான். அவள் மறுபடியும் ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க வந்தபோது, இந்த முறை சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியிருந்தது. என் கை வரவில்லை. அவளே உரித்து ஒட்டிக்கொண்டாள்.

ஓய்வு பெற்று இப்போது மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு அரக்குச் சேலைக்கு லைனிங் வேண்டும் என்று அவள் கடைக்குப் போனேன். அவளுக்கு ஏழாம் மாதம். அந்த வாரம்தான் வளைகாப்பு முடிந்திருந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். டாக்டர்களிடம் கேட்டுக்கொண்டுதான் பிள்ளை பெற்றுக்கொள்கிறாள். சேலையை விரித்து வைத்துவிட்டு, சுருளை எடுக்காமல் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? பிள்ளைக்கு வருமா?"

அந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று எனக்குத் தெரியும். வராது என்று சொல்லிவிட்டால் அந்த முகத்தில் மறுபடியும் அதே வெளிச்சம் வரும்.

"தெரியாதும்மா" என்றேன். "பெரும்பாலும் வராது. அம்மாவுக்கு இருந்தா மத்த பிள்ளைங்கள விட வாய்ப்பு கொஞ்சம் கூடத்தான். ஆனா இந்த மாதிரி அம்மாக்களோட பிள்ளைங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே நல்லாத்தான் இருக்காங்க. இன்னிக்கி எந்த டெஸ்ட்டு எடுத்தாலும் வரும் வராதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. பிள்ளை பெருசானப்புறம் ஒரு கண்ணு மங்குனாலோ, கை கால் மரத்தாலோ, அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. எவ சொன்னா, என்ன சொன்னான்னு நெனைக்காத. நான் சொன்னாலும் சரி."

அவள் வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கும் இப்படியே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.

அவள் அலமாரியிலிருந்து ஒரு சுருளை இழுத்தாள். சேலையின் மேல் வைத்து, கையை நீட்டி, வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். இன்னொரு சுருளை இழுத்து அதையும் பார்த்தாள். வெட்டி, மடித்து, என் கையில் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து சன்னல் ஓரம் பிரித்துப் பார்த்தேன். நிறம் சரியாக இருந்தது.